தழும்பில்லாத அப்பா

இருட்டறைக் கதவைத் திறந்தால் குப்பென்று வரும், படம் கழுவுகிற ஹைப்போவின் புளிப்பு வாடையும், கண்ணாடி முன்னால் சிந்திக் கிடக்கும் பவுடர் வாசமும் சேர்ந்ததுதான் என் நினைவிலுள்ள அந்த ஸ்டுடியோ. எழுபதுகளின் நடுவில், தோணியில் கொழும்புக்குப் போய்வந்த அப்பாவுக்குப் பெரிய கப்பலில் வேலை கூடிவந்தது. கப்பல் பாஸுக்குப் படம் எடுக்க அம்மாவும் நானும் கூடவே போனோம்.

அப்பாவின் இடது கன்னத்தில் காது முதல் தாடை வரை ஒரு தழும்பு உண்டு. தோணியின் பாய்க்கயிறு அறுந்து அடித்தது. நான் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். வெளியாட்கள் உற்றுப் பார்த்தால் மட்டும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஸ்டுடியோ அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, "மூச்ச அடக்கிக்கிடும் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அவருடைய கைவண்ணமெல்லாம் அதற்குப் பிறகுதான். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசியாய்ச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, பரு, அம்மைத்தழும்பு, கண்ணுக்கடியிலுள்ள கறுப்பு எல்லாவற்றையும் போக்கிவிடுவார். இதற்கு "டச்சிங்" என்று பெயர். "நம்மள நம்பி மொகத்தத் தாராவ, கொறையோடயா திருப்பிக் குடுக்கது?" என்பார். படம் வந்தபோது அப்பாவின் கன்னம் மழமழவென்று இருந்தது. அம்மாவுக்குப் பூரிப்புத் தாளவில்லை. சுவரில் மாட்டப் பெரிதாக ஒன்று போடச் சொல்லிவிட்டாள்.

பாஸ் கொடுக்கும் ஆபீசில் படத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் இடது கன்னத்துத் தழும்பு. படத்திலோ தழும்பைக் காணோம். "வேற ஆளு படத்த ஒட்டிட்டு வந்து நிக்கீரா?" என்று குமாஸ்தா கேட்டாராம். மறுநாளைக்குள் சரியான படம் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

கேட்டதும் அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. "நல்லது செய்யப்போயி ஒம்ம பொழப்புல மண்ணப் போட்டுட்டேனே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் அவரை வாசலுக்கு அழைத்துவந்து மத்தியான வெயிலில் நிறுத்தினார். விளக்கும் இல்லை, திரையும் இல்லை. தெருவே வேடிக்கை பார்க்க, அப்பாவின் முகம் தழும்பு மறையும்படி தானாகத் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இத மறைச்சது என் தப்பு. நீரு மறைக்காதேயும். ஒம்ம புள்ளையப் பாரும்."

அப்பா என்னைப் பார்த்தார்.

அந்தப் படத்தில் பென்சில் படவே இல்லை. தன் வேலை அதில் ஒன்றுமில்லை என்று அண்ணாச்சி ஸ்டுடியோ முத்திரைகூடக் குத்தவில்லை. அப்பா கப்பலேறினார். சுவரில் மழமழப்பான அப்பா தொங்க, பாஸுக்குப் போக மிஞ்சிய சிறு படத்தை நான் என் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அவர் ஊரில் இல்லாத மாதங்களிலெல்லாம் அதை எடுத்துத் தடவுவேன்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நாம் கேட்காமலே போன் முகத்தை மழமழப்பாக்கிவிடுகிறது. தவறினால் கையைப் பிடித்து வருத்தப்பட ஆளில்லை. அப்பாவும் போய்விட்டார். போன வாரம் என் பேத்தி அந்தச் சிறு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதுலயும் தழும்பக் காணுமே?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். என் விரல் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.