அம்மா தந்த மாத்திரை

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டிலிருந்து கோயம்புத்தூர் கல்லூரிக்கு நான் போனது கூடைப்பந்தால்தான். படிப்பால் என்று சொன்னால் என் பள்ளிக்கூடத்து டீச்சரே சிரிப்பார். மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்த கால். எம்பினால் வளையம் கிட்டே வந்துவிடும். இரண்டாம் ஆண்டிலேயே அணித் தலைவி ஆனேன். மூன்றாம் ஆண்டு, மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் எங்கள் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பத்து நாள் முன்பு பயிற்சியில் வலது முட்டி மடங்கி விழுந்தேன்.

பயிற்சியாளரிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா வீக்கத்தைப் பார்த்துவிட்டாள். அவள் கொழுந்து பறிப்பவள். எங்கள் லயத்தில் முட்டி வலி என்று யாரும் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடு ஏறிவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். தனக்கென்று சேர்த்து வைத்திருந்ததை அம்மா அப்படியே தாளில் மடித்துத் தந்தாள்.

“இதப் போட்டா வலி தெரியாது புள்ள. நான் இதுலதான ஓடிக்கிட்டிருக்கேன்.”

உண்மையிலேயே தெரியவில்லை. தினமும் விழுங்கினேன். இறுதி ஆட்டத்தில் பேய் பிடித்தவள் மாதிரி ஆடினேன். கடைசி நிமிடங்களில் எம்பி இறங்கியபோது முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்சமாகக் கிழிந்திருந்த ஜவ்வை ஆடி ஆடி முழுசாக அறுத்துக்கொண்டாய் என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. நடக்க முடிந்தது, எம்ப முடியவில்லை. என் ஆட்டம் அத்தோடு சரி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கட்டுப் போட்ட காலோடு லயத்தில் கிடந்த ஒரு நாள், கஞ்சி கொண்டுவந்த அம்மாவிடம், எல்லாம் அவள் மாத்திரையால்தான் என்று கத்திவிட்டேன். மறைத்ததும் நான், விழுங்கியதும் நான். தெரிந்தேதான் சொன்னேன், பாவி. அம்மா கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நான் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். அவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. நான் கத்திய நாளுக்குப் பிறகு அவள் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன மாதம் நானே வாங்கிப் போய்த் தண்ணீரோடு நீட்டினேன். அன்று சொன்னது தப்பும்மா, தப்பெல்லாம் என்னுடையது என்றேன். அம்மா வாங்கவில்லை.

“ஒனக்கு வலி தெரியாம பண்ணிட்டேன். எனக்காவது தெரியட்டும் புள்ள” என்று சொல்லி, கொழுந்துப் பையை எடுத்துக்கொண்டு மேடு ஏறப் போனாள்.