கண்ணு தெறக்காத அய்யனார்

இதுல ஒரு வார்த்த பொய்யின்னா, நான் கண்ணு வரைஞ்ச அம்புட்டு அய்யனாரும் எந் தலமாட்டுல வந்து நின்னு முழிக்கட்டும். சாமிக்குப் பெயிண்டு அடிக்குத தொழில்ல ஒரே சங்கடம், அடிக்கிறது நானு, யோசன சொல்லுதது ஊரு பூரா. நாலு பேருக்கு மத்தியில வேல பாத்து நொந்துபோன நம்ம ஆளுகளுக்கு இத வெளக்கணுமா என்ன?

கருமணி எந்தப் பக்கம்?

எமர்ஜென்சி சமயம். எப்போதும்வென்றாங்கிற ஊருக்குப் பக்கத்துல ஒரு கரிசக்காட்டுக் கிராமம். கோயில் கொடைத் திருநாளுக்கு அய்யனாருக்குப் புது வர்ணம் அடிக்கக் கூப்பிட்டிருந்தாவ. அந்தக் காலத்து மனுசன் கெட்டிக்காரன். போலீசு, கோர்ட்டு, மழை ஆபீசு எல்லாத்தையும் ஒரே சாமி தலையில கட்டிட்டு நிம்மதியாப் படுத்துட்டான். ராத்திரி குதிரையில காட்டுக்குக் காவல் போறதும் அதே சாமிதான். அதனால அவரு முழி எங்கன பாக்குதுங்கிறது பெரிய வெவகாரம்.

மூக்கையான்னு ஒரு சம்சாரி ஏணிக்கடியில வந்து நின்னாரு. "பெயிண்டர் அண்ணாச்சி, கருமணிய ஒரு நூலு மேக்க தள்ளி வையும். எம் பருத்திக்காடு அங்கனதான் கெடக்கு."

"அப்ப கெழக்க இருக்கவன் காட்ட யாருவே பாப்பா?"ன்னேன்.

"அவன் காட்டுல களவாங்க என்ன இருக்கு?"

சாமிக்கு லீவு

முழி மட்டும் கடைசியிலதான் வைக்கது. அதுவரைக்கும் சாமி மூஞ்சிய வேட்டியால மூடிப்போடுவோம். வெளக்கு கெடயாது, பூச கெடயாது. நடக்கது ஒண்ணும் சாமிக்குத் தெரியாதுன்னு ஊரு நம்பும். பூசாரியே குதிரைக் காலுல சாஞ்சுக்கிட்டு பீடியப் பத்த வச்சாரு.

"என்ன பூசாரி, சாமி முன்னாலயேவா?"ன்னேன்.

புகைய ஊதிட்டுச் சொன்னாரு: "அவரு லீவுல இருக்காருலே. நீ வேலையப் பாரு."

காணாமப் போன கெடா

அந்த நேரத்துல மூக்கையாவோட கெடா காணாமப் போச்சு. ஆடு மேய்க்குத பேச்சிமுத்துதான் அடிச்சுத் தின்னுட்டான்னு கைய நீட்டிட்டாரு. ராத்திரி ஆட்டக் காட்டுல கெடை போட்டா புழுக்கையெல்லாம் உரம். பேச்சிமுத்து அந்த வருசம் வேற ஆளு காட்டுல மொதக் கெடை போட்டுட்டான். அந்தப் பொகச்சல் மூக்கையாவுக்கு.

ஊர்க்கூட்டம் போட்டு, வார செவ்வாக்கெழம அய்யனார் முன்னால சத்தியம்னு முடிவு. குத்தஞ்சொன்னவரு மொதல்ல கற்பூரத்த அணைக்கணும், பொறவு மத்தவன். பேச்சிமுத்து களவாணின்னு ஆயிட்டா ஒருத்தனும் காட்டுல கெடை போட விடமாட்டான். ஆட்டோட ஊரவிட்டுப் போக வேண்டியதுதான்.

கூட்டம் கலஞ்ச கையோட மூக்கையா எங்கிட்ட வந்தாரு. "முழிக்கு அடிச்ச வெள்ளப் பெயிண்டு காயலன்னு சொல்லி, கொடை வரைக்கும் கண்ணத் தெறக்காம இழுத்தடியும். நாங்க மூடுன சாமி முன்னாலயே சத்தியத்த முடிச்சுக்கிடுதோம்."

அவரு அங்கிட்டுப் போக, பேச்சிமுத்து பொண்டாட்டி இங்கிட்டு வந்தா. "அண்ணாச்சி, செவ்வாக்கெழமைக்குள்ள எப்படியும் கண்ணத் தெறந்திருங்க. பாக்காத சாமிகிட்ட எங்க வீட்டுக்காரரு சத்தியம் பண்ணுனா எவன் நம்புவான்? கெடா தின்ன வாயின்னு எம் பிள்ளையளயும்லா சொல்லுவாவ!"

மொதப் பார்வ

செவ்வாக்கெழம காலையில கருமணிய வச்சேன். வேட்டிய உருவி, சாமிக்கு எதுத்தாப்புல கண்ணாடியப் பிடிச்சேன். மொதப் பார்வைய மனுசன் தாங்கமாட்டான், அதனால அவரு மூஞ்சிய அவரே பாத்துக்கிடணும்.

பொறவு ஊரு கூடுச்சு. கற்பூரம் எரியுது. மூக்கையா சாமி முழியப் பாத்தாரு. என்னைய மொறச்சாரு. கைய நீட்டுனாரு, சுட்டமாதிரி இழுத்து வேட்டியில தொடச்சாரு.

"ம், அணையும் மாமா, பின்னாலயே நானும் அணைக்கேன்"ன்னான் பேச்சிமுத்து.

மூக்கையா துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "எதுக்கும் எங்க மாமனாரு தொழுவுல ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்."

கெடா கெடச்சதுக்கு ஊரே சாமிக்குப் பொங்க வச்சுது, கண்ணு வச்சவன ஒருத்தனும் ஏன்னு கேக்கல, அதனால இம்புட்டு நேரம் ஓசியில கேட்டவிய ஆளுக்கொரு டீயும் பருப்பு வடையும் எனக்குச் சொல்லிட்டு எந்திரிங்க.