லட்ச ரூபாய்க்காரர் பார்த்த கூரை

அந்தச் செய்தியை எங்கள் காலனி முக்கு டீக்கடையில் சத்தமாக வாசித்தவர் என் சித்தப்பா. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளைப் பார்த்துச் சரிசெய்ய ஒரு தனி அதிகாரியை நியமித்திருக்கிறார்கள், பெரிய கம்பெனியில் இருந்தவராம், மாதச் சம்பளம் லட்சத்தைத் தாண்டுமாம். அக்காவுக்குப் பன் வாங்கப் போய் நின்றிருந்தேன். தொகையைக் கேட்டதும் கடையில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

"ஏலே, ஒத்த ஆளுக்கா அம்புட்டு? அந்தாளு என்ன தங்கத் தட்டுலயா சோறு திம்பாரு?"

"அந்தச் சம்பளத்துக்கு மாசம் ஒரு வீட்டைக் கட்டிப்புடலாமே!"

தேனி தனி மாவட்டமாகிச் சில வருசங்கள் ஆகியிருந்த சமயம். ராயப்பன்பட்டியைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்கள் முடிகிற மேட்டில் இருந்தது எங்கள் காலனி. தோட்டக்கூலிதான் எல்லோருக்கும் பிழைப்பு. லட்சம் என்பதை நாங்கள் லாட்டரிச் சீட்டில்தான் பார்த்திருந்தோம். செய்தி உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது சம்பளம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கம்பம் போய்ச் சேர்ந்தபோது கூடவே ஒரு பங்களாவும், ஏசி காரும், சமையலுக்கு ஆளும் சேர்ந்துகொண்டன. முகம் தெரியாத ஒரு மனிதரை அவ்வளவு பேர் சேர்ந்து திட்டியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நானும் சேர்ந்துதான் திட்டினேன். எனக்கு அதற்கு நல்ல காரணம் இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. உள்ளறைக் கூரையில் ஒரு வெடிப்பு. சன்னல் மூலையில் மயிர் மாதிரி ஆரம்பித்து, நடுவில் தொட்டில் கட்டுவதற்காகப் பதித்திருந்த கொக்கி வரைக்கும் வந்துவிட்டது. காண்ட்ராக்டர் சிமெண்டை எங்கே கொண்டுபோனாரோ, மணலை மட்டும் எங்களுக்கு விட்டுப் போயிருந்தார். காற்று பலமாக அடித்தால் கூரையிலிருந்து பொலபொலவென்று உதிரும். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். அத்தானுக்கு மலை மேலே கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை. கூலிக்காரர்களை அடைத்து வைக்கிற அந்த லயத்து ஒற்றை அறையில் பிள்ளை பெற முடியாது. அக்கா படுக்கிற பாயை நான் காலையில் உதறும்போது மணல் கொட்டும். அந்தக் கொக்கியில் ஒரு பிள்ளையைக் கட்டித் தொங்கவிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே அந்த மணலைக் கூட்டி அள்ளுவேன்.

ஒரு வாரத்தில் டீக்கடைப் பேச்சு திசை மாறியது. மாற்றியவரும் சித்தப்பாதான். "இம்புட்டுச் சம்பளம் வாங்குறவரு நம்மகிட்டக் கை நீட்ட மாட்டாருல்ல? யோசிச்சுப் பாருங்க. கொறஞ்ச சம்பளக்காரன்தான் நம்மளப் புடுங்குவான்." அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. அவ்வளவு பணத்தை அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுக்குமா, ஆள் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்று பேச ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை அவர் எங்கள் காலனிக்கே வருகிறார், மோசமாக இருக்கிற வீடுகளுக்குப் புதுக் கூரை போட எழுதுவார் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனதும் திட்டினவர்கள் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் பக்கம் கோயில் சாமியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவார். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளையடித்தாக வேண்டும். கடன் வாங்கியாவது அடிப்பார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் ஆண்டவர் தொங்குகிற பாடுபட்ட சுரூபம் வைத்து, மெழுகுதிரி ஏற்றி, அவர் மந்திரித்துத் தர ஒரு தட்டில் உப்பும் வைத்துக் காத்திருப்போம். பெரியவர் ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றால் எங்கள் கைகளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே காலனி முழுக்கச் சுண்ணாம்பு கரைக்கிற வாடை.

நான் அப்பாவோடு சண்டை போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அவரு மந்திரிக்க வரலப்பா. ஓட்டையப் பாக்கத்தான் வாராரு. அதை அடைச்சிட்டா எதைப் பாப்பாரு?"

அப்பா ஸ்டூலில் ஏறி நின்று, தோட்டத்து முதலாளி வீட்டில் கேட்டு வாங்கி வந்த சிமெண்டை வெடிப்பில் அப்பிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"சும்மா இருத்தா. குடுத்த வீட்டை வச்சுக் காப்பாத்தத் தெரியாத பயலுகன்னு நெனச்சுக்கிட்டுப் போகவா? பெரிய மனுசன் கண்ணுக்கு அது தெரியும். அம்புட்டுச் சம்பளம் சும்மாவா குடுக்குறாக? அவரு சுவத்துக்குள்ளயே பாப்பாரு."

அதை அவர் முழுமனதாக நம்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்கிற ஆளிடம் சண்டை போடலாம், நம்புகிறவரிடம் என்ன செய்வது? சிமெண்ட் காய்ந்ததும் அதன் மேல் நீலம் கலந்த சுண்ணாம்பை இரண்டு தடவை அடித்தார். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அக்கா பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்து, "அழகா இருக்குல்ல?" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை அவர் வந்தார். தங்கத் தட்டுக்காரர் மாதிரி இல்லை. ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, நடந்து வந்த களைப்போடு இருந்தார். ஏசி காரை மேட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டு வந்தாராம், அதற்கே காலனி சொக்கிப் போயிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றினார். எங்கள் மேசையில் வெள்ளைத் துணியும் பன்னீர் சோடாவும் இருந்தன. ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை பழக்கதோசத்தில் தட்டில் உப்பும் வைத்திருந்தாள். அது எதற்கு என்று அவர் கேட்க, அவள் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறைக்குள் வந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"சார், கொஞ்சம் மேல பாருங்க..."

"சின்னப் புள்ளைங்க சார், அதுக்குப் பேசத் தெரியாது" என்று அப்பா முந்திக்கொண்டார். "ஆண்டவர் புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்குங்க. உக்காந்து சோடா குடிங்க."

அவர் மேலே பார்த்தார். நிசமாகவே பார்த்தார். வெள்ளை வெளேரென்ற கூரையும் கொக்கியும் தெரிந்தன. "வீட்டை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்று அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னார். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பார்த்ததில்லை. அந்த நிமிசம் அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் அந்த முகம்தான் முதலில் வருகிறது.

சாயங்காலம் டீக்கடையில் அவர் புராணம்தான். செருப்பைக் கழற்றினாக, தோளைத் தொட்டாக, இந்த மாதிரி மனுசனுக்கு லட்சம் என்ன, ரெண்டு லட்சமே குடுக்கலாம் என்றார்கள். எந்த வீட்டில் எந்த விரிசலைப் பார்த்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த காலனிக்குப் புதுக் கூரை போட ஆட்கள் வந்து இறங்கினார்கள். அங்கே யாரும் வெள்ளையடிக்கவில்லை. எங்கள் காலனி நல்ல நிலையில் இருப்பதாக எழுதிவிட்டாராம். அதைக் கேட்டு என் அப்பா கோபப்படவில்லை. நல்ல நிலையில் இருப்பதாகத் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கொக்கியில் அம்மாவின் பழைய சேலையில் தொட்டில் கட்டினார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொக்கியைச் சுற்றிச் சுண்ணாம்பு மஞ்சளாகி, ஈரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அகன்றது. தொட்டிலை ஆட்டினால் மேலே 'நற நற' என்று ஒரு சத்தம். மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சோறு தின்னும்போதும் எனக்கு அது கேட்டது. பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பிள்ளையின் நெற்றியில் மணல் இருந்தது.

அன்று மத்தியானம் தொட்டிலை அவிழ்த்துவிட்டேன். முன்னறை வாசல் நிலையின் மேல்கட்டையில் கட்டினேன். அக்காவையும் பாயோடு முன்னறைக்கு இழுத்துவந்தேன். மழையால் தோட்டத்தில் வேலை இல்லாமல் திரும்பி வந்த அப்பா அதைப் பார்த்தார்.

"யாரு அவுத்தது? பச்சப்புள்ளய வாசக் காத்துலயா போடுவ?"

"மேல இருந்து மணல் கொட்டுதுப்பா. விழுந்துரும்."

"அம்புட்டுப் பெரிய ஆபீசரு வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டாக. நீ அவுகளவிடப் படிச்சவளா?"

"அவரு பாத்தது உங்க சுண்ணாம்பை!"

வீட்டில் யாரும் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அடிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "சரித்தா. நான் அங்கன படுத்துக்கிறேன். விழுதான்னு பாத்துக்க" என்று உள்ளறைக்குப் போய், தொட்டில் இருந்த இடத்துக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தார். கூப்பிட்டேன். அம்மாவும் கூப்பிட்டாள். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் அந்த நற நற சத்தம், தொட்டில் இல்லாமலே.

அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாள் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. டீக்கடையில் மறுபடி லட்சத்தைச் சொல்லித் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். அப்படித் திட்டிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்த சித்தப்பா, மண்வெட்டியும் கூடையுமாக உள்ளறையில் இறங்கினார். "பெரியவுக வாராக. கால் வைக்க எடம் வேணாமா?" பக்கத்து வீட்டு அத்தை விளக்குமாறோடு நின்றாள். நான் போய் இடிபாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு கல்லை எடுத்தாலும் மண்டையை உடைப்பேன் என்றேன். சித்தப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

அதிகாரி அதே கண்ணாடியோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், உள்ளே கிடந்த கம்பிகளையும் கற்களையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அன்னைக்கு நல்லாத்தானே இருந்தது?" என்றார். குற்றம் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"மேல பாருங்க சார்" என்றேன். இந்தத் தடவை குறுக்கே பேச அப்பா இல்லை.

அவர் அண்ணாந்தார். மேலே மேகம்தான் இருந்தது. சன்னல் மூலையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரே ஒரு துண்டில் அப்பா பூசிய சுண்ணாம்பு அப்போதும் வெள்ளையாக இருந்தது.

முன்னறையில் பிள்ளை அழுதது. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டாள்: "சாருக்குக் குடிக்க ஏதாச்சும் குடுத்தியாத்தா?"

நான் எழுந்திருக்கவில்லை.