வீட்டுக்காரம்மாவின் துவக்கு

துவக்குக் குழாயின் நுனியில் தெரிந்த அந்தப் பிறை வடிவ இடைவெளி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குழாய்க்குள் நான் விட்டிருந்த நேரான உருக்குக் கம்பியைச் சுற்றி, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தெரிந்திருக்க வேண்டிய இடைவெளி அது. ஒரு பக்கம் அகன்றிருந்தது. மறுபக்கம் கம்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. லின்ஃபீல்ட் என்ற சிறுநகரில் எங்கள் வீட்டுக்காரம்மாவின் சமையலறை மேசையில், அவரும் அவருடைய மகனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். ஒரு சிறிய பட்டறையில் எனக்கு லேத் வேலை. வேட்டைக்காரர்களின் துவக்குகளும் திருத்த வரும். அவற்றை முதலாளி தானே பார்ப்பார். கடைசல் வேலை இருந்தால் குழாயை மட்டும் கழற்றி என்னிடம் தருவார். எனக்கும் அதுவே நிம்மதி. முழுத் துவக்கைக் கண்டால் சோதனைச் சாவடியில் கையை உயர்த்தி நின்ற நாட்கள் நினைவுக்கு வந்துவிடும்.

வீட்டுக்காரம்மா வெள்ளைக்காரர், அறுபது கடந்திருந்தது. இறந்துபோன கணவரின் துவக்கோடு ஆண்டுதோறும் மான் வேட்டைக்குப் போவார். தோளில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு சுடும்போது வரும் உதையைத் தாங்க முடியவில்லை. மகன் தன் கராஜில் வைத்து குழாயின் நுனியில் ஒரு மசில் பிரேக் பூட்டிக் கொடுத்திருந்தான். வெடிக்கும்போது வரும் வாயுவைப் பக்கத் துளைகளால் வெளியேற்றி உதையைக் குறைக்கும் சிறிய உருக்கு உறை அது. மறுநாள் காலை இருவரும் புறப்படுவதாக இருந்தது. மகனின் கைவேலையை எனக்குக் காட்டிப் பெருமைப்படத்தான் அவர் என்னை மேலே கூப்பிட்டார். கம்பி விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டது நான்.

உறையைத் திருகி இறுக்கியபோது அதன் துளைகள் இடமும் வலமுமாக நில்லாமல் சரிந்து நின்றிருக்கின்றன. அவற்றை நேராக்குவதற்காக, உறை வந்து முட்டும் குழாயின் விளிம்பை அவன் அரத்தால் ராவியிருக்கிறான். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து உறை மயிரிழை சாய்ந்துவிட்டது. அதனால்தான் கம்பி உறையின் வாயில் ஒரு பக்கமாகத் தொட்டது. கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான். ஆனால் குண்டு அந்த வழியாகத்தான் போக வேண்டும். விளிம்பில் பட்டால் உறை சிதறும். பக்கத்தில் நிற்பவர் மேல் துண்டுகள் பாயும்.

மூக்குக்கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினேன். மனைவி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கை நின்றது.

"அவவின்ர மகன் செய்தது. நீங்கள் பிழை எண்டு சொன்னால், நாளைக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எங்க போறது?"

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. கீழ்த்தளத்தில் நாங்கள் இருப்பது மகனுக்குப் பிடிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். என் கணிப்பே பிழையாக இருந்தால்? கம்பி வளைந்திருந்தால்? கண்ணாடியைத் துடைத்தபடி நின்றேன். பிறகு அவளே மெல்லச் சொன்னாள்: "சொல்லாமல் விட்டு அவவுக்கு ஏதும் நடந்தால் இந்த வீட்டில எப்பிடி இருக்கிறது? போய்ச் சொல்லுங்கோ."

மேலே போய்ச் சொன்னேன். என் ஆங்கிலம் அன்று இன்னும் திக்கியது. மகனின் கழுத்து சிவந்தது. "என்ர அம்மா சுடப்போற துவக்கு. கவனமில்லாமல் செய்வனெண்டு நினைக்கிறியா?" என்றான். கம்பியைச் சுழற்றிக் காட்டினேன். கம்பி வளைந்திருந்தால் தொடும் இடமும் கூடவே மாறும். கம்பி திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் தொட்டது. வீட்டுக்காரம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, மானுக்கு ஒன்றும் அவசரமில்லை, அடுத்த கிழமை போகலாம் என்றார். மகன் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

பட்டறையில் முதலாளி துவக்கைப் பொறுப்பேற்றுக் குழாயைக் கழற்றித் தந்தார். வெளிப்புறத்தை நம்பாமல் குண்டு போகும் உள்துளையையே அளவாக வைத்து லேத்தில் மையப்படுத்தி, கோணியிருந்த விளிம்பைச் செங்குத்தாகச் சீவினேன். உறையின் துளைகள் நேராக நிற்கும்வரை அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தேன். கம்பியைச் சுற்றி முழு வட்டம் தெரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. இனி அது மகன் செய்த வேலையல்ல, என் வேலை. வெடித்தால் அகதியாக வந்தவன் ஒருவன் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைக் கொன்றதாகத்தான் கதை வரும். இரவில் சரியாக உறங்கவில்லை.

நகருக்கு வெளியே இருந்த சுடும் மைதானத்துக்கு நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை, வீட்டில் இருந்தபடி சேதிக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்காரம்மா துவக்கைத் தோளில் வைக்கப் போனபோது, கதவை அறைந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தையும் பேசாத மகன் முன்னால் வந்து அதை வாங்கிக்கொண்டான்.

"நீ ஏன்? நான் வாழவேண்டியதெல்லாம் வாழ்ந்திட்டன்" என்றார் அவர்.

"அரத்தைப் பிடிச்சது நான், அம்மா."

அம்மாவை நன்றாகப் பின்னால் போகச் சொன்னான். என்னையும்தான். படுத்து, கன்னத்தை மரத்தில் வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. ஊரில் அப்படியொரு சத்தத்துக்குப் பிறகு யார் விழுந்தது என்று தேடியே பழகியவன் நான். கண்ணைத் திறந்தபோது மகன் எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.