மழைக்கு உள்ளே போன கரி அடுப்பு

கரியாலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய ஓர் அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சாப்பாடும் எங்கள் சமையல்தான். போன மழைக்காலத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பதி குழந்தையோடு வந்திருந்தார்கள். காலையில் சாமை உப்புமா கொடுத்தேன். விரும்பிச் சாப்பிட்டார்கள்.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். வெகுநேரம் தட்டிய பிறகு அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தார். குழந்தை வாந்தி எடுத்திருந்தது. அவர் கணவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார்.

"உப்புமால இன்னா போட்டீங்க? எல்லாருக்கும் தலை சுத்துதுங்க" என்றார் அந்தப் பெண்.

சுக்குக் கஷாயம் வைக்கத் திரும்பினேன்.

"நாமளும் அதத்தான சாப்ட்டோம், நமக்கு ஒண்ணும் ஆவலியே" என்றபடி என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கோழி சுட அவர்கள் கொண்டுவந்த கரி அடுப்பு கட்டிலருகே கனன்றுகொண்டிருந்தது. மழை வந்ததும் அதை உள்ளே எடுத்து வந்து, குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருக்கிறார்கள்.

மூவரையும் வெளியே கொண்டுவந்து, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கரியிலேர்ந்து வர்ற விஷக்காத்துங்க, வாசனையே தெரியாது. இன்னும் லேட்டா தட்டியிருந்தா கதவத் தொறக்க ஆள் இருந்திருக்காது" என்றார் டாக்டர். மறுநாள் மூவரும் நலமாக ஊர் திரும்பினார்கள்.

இப்போது சாவி கொடுக்கும்போதே கரி அடுப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். மழை பெய்தால் கோழியை என் சமையற்கட்டிலேயே சுட்டுத் தருகிறேன். அறையின் ஒரு ஜன்னலில் கதவைக் கழற்றிவிட்டு வலை மட்டும் அடித்திருக்கிறோம். குளிருகிறது என்பவர்களுக்கு இன்னொரு கம்பளி கொடுக்கிறேன்.