மதினியும் நானும் திறந்த புறவாசல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்கதவு ஒரு சாண் அகலத்துக்கு மேல் திறக்காது. வெளியே மண்டியிருந்த உன்னிச்செடி அதை அழுத்திக்கொண்டிருந்தது. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் கோவைக்கொடியும் சீமைக் கருவேலமும்தான். காம்பவுண்டுச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவைப் பூட்டியே வைத்திருந்தோம். ஜேசிபி வைத்து அள்ளிவிடலாம் என்பார் கணவர். எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு.

கணவரின் அக்கா, என் மதினி, ராஜபாளையத்தில் தனியாக இருந்தார். நூல் மில்லில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். ஒற்றை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். எனக்கும் அவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன் மதினி" என்பதோடு சரி.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவர், டீயைக் குடித்தபடியே பின்கதவின் பூட்டைத் திறக்கச் சொல்லி இடுக்கில் பார்த்தார்.

"ஏட்டி, மண்ணு எளகிக் கெடக்கு. இப்பப் புடுங்குனா வேரோட வந்துரும். அருவா இருக்கா?"

இருந்தது. மதினி தன் தம்பியின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்றைத் தூக்கிப் போட்டார். இடுக்கு வழியாகவே கையை விட்டு உன்னியை வெட்டினோம். கதவு மெல்ல மெல்லத் திறந்து, ஒரு கட்டத்தில் முழுசாகப் போய்ச் சுவரில் மோதியது. வெட்டிய தழையின் வாடை வீடெல்லாம் நிறைந்தது.

செத்த நேரத்தில் என் காலடியில் ஒரு பாம்புச் சட்டை. நான் பின்னால் தாவினேன். கணவர் படியிலிருந்தே, "அக்கா, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

மதினி அதைக் குச்சியால் தூக்கித் தம்பியிடம் காட்டினார். "அது கழட்டிப் போட்டுட்டுப் போயிருச்சுலே. நீ சட்டையக் கழட்டிப் போடுத மாதிரிதான். எடுத்து வைக்க ஆளு தேடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மதினியும் சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அருவாளைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு பேரும் சிரித்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா, கையில் கம்போடு. "பன்னி கின்னி பூந்துருச்சோன்னு வந்தேன்" என்றவர், வீட்டுக்குள் பார்த்துத் தெலுங்கில் ஏதோ குரல் கொடுத்தார். சுவர் வழியாக ஒரு செம்பு மோர் வந்தது.

அதற்குப் பிறகு மதினி ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். கோவைக்கொடியை உரித்தெடுத்தபோது உள்ளே ஒரு நார்த்தை மரம் மூச்சு முட்டி நின்றது. துணி துவைக்கும் கல் ஒன்றும் கிடைத்தது. கடைசியில் மிஞ்சியது மேற்குச் சுவரையொட்டி நின்ற பெரிய கருவேலம். அதற்கு மட்டும் கணவர் ரம்பத்தோடு இறங்கினார். மரம் சரிந்து விழுந்து, தூசி அடங்கியது.

எதிரே மலை நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மழையில் கழுவிய நீலத்தில். இதை வைத்துக்கொண்டா கதவைப் பூட்டியிருந்தோம் என்று நினைத்தேன். மதினி துவைகல்லில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்புட்டு அழகா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இங்கனயே இருந்துக்கிடவா?" என்றார். தம்பியிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"பின்னறை ஒங்களுக்குத்தான் மதினி."

அடுத்த வாரமே அவருடைய சாமான்கள் குட்டியானை வண்டியில் வந்து சந்து முனையில் இறங்கின. மல்லிகை வைக்கலாம் என்று நானும், கத்தரி வைக்கலாம் என்று அவரும் மல்லுக்கட்டி, கடைசியில் இரண்டையும் வைத்தோம். கத்தரி காய்த்துவிட்டது. மல்லிகை இன்னும் இலையாகத்தான் நிற்கிறது. காலையில் நான் எழுந்து வருவதற்குள் மதினி வாளியோடு நிற்பார். "ஒன் செடிக்கும் சேத்து ஊத்திட்டேன், போ" என்பார்.