ஒற்றைக் கண்ணுக்கு ஒரு ஸ்கோப்

உற்பத்திக் குறை இருந்தால் முப்பது நாள்களுக்குள் கருவியை மாற்றித் தரவேண்டும் என்பது உத்தரவாத அட்டையின் நான்காம் விதி. பணிக்காலம் முழுவதும் அரசு விதிகளோடு குடித்தனம் நடத்தியவன், நம்பினேன். இப்போது ஸ்காட்லாந்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே கழிமுகத்தை ஒட்டி ஒரு மரக்குடில். பறவை பார்க்க வருகிறவர்கள் முன்பின் தெரியாதவனுக்கும் தங்கள் ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத் திருப்பிவிட்டு விலகி நிற்பார்கள். முக்காலியில் நிற்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி அது. சென்னை அபிராமபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாள் இரவல் தரவே யோசிப்பார்.

ஒரு கண் போதும் என்பதால்தான் சேவியருக்கு அதை வாங்க நினைத்தேன். சாந்தோமில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தருகே என்னோடு ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்தவர். கண்ணழுத்த நோய் இடக்கண்ணை எடுத்துக்கொண்டது. வலக்கண் எவ்வளவு காலம் என்று மருத்துவர் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் பறவைகளை இன்னொரு பருவம் பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

குடிலுக்கு வரும் ஈயன் என்ற முதியவர் தன் பழைய ஸ்கோப்பை விற்க இருந்தார். விலை ஓய்வூதியத்துக்குள் அடங்கியது. உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். பாருங்களேன் என்று கருவியைக் காட்டினார். நழுவுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் அவர் பதில் என்று புரிய ஓராண்டு ஆனது. தொலைபேசியில் சேவியரும் என் கட்சிதான். "பழசு வேணாம் ஆபீசர். உள்ள பூஞ்ச புடிச்சா யாரப் போய் கேக்கறது?" சென்னையின் ஈரக்காற்று லென்ஸுக்குள் பூஞ்சை வளர்க்கும் என்பதென்னவோ உண்மை.

மார்கழியில் ஊருக்குப் போனேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் ராயப்பேட்டையில் புதியது ஒன்று வாங்கினோம். கடைக்காரர் எங்களைச் சரியாக எடைபோட்டுவிட்டார். "கண்ண மூடிக்கினு எட்துகினு போ சார். எதுனா ஆச்சுன்னா கம்பெனி கீது." கருவி வழியாக எதிர்ச்சுவர் வரைக்கும்தான் பார்த்தோம். அட்டையில் முத்திரை விழுந்திருக்கிறதா என்பதை இருவரும் தனித்தனியாகப் பார்த்தோம்.

அதன்பின் அழைக்கும்போதெல்லாம் ஸ்கோப் எப்படி என்று கேட்பேன். "நல்லாருக்கு" என்பார். பறவைகளைப் பற்றி ஏதும் சொல்லமாட்டார். ஒருநாள் அவரே அழைத்தார். "வாக்கிங் வந்த அம்மா ஒண்ணு எட்டிப் பாத்துட்டு, 'இன்னா சார், ஒரே பனியா கீது, ஒண்ணுமே தெர்ல'ன்னுது. நான் என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன் ஆபீசர்."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"புதுசு. கம்பெனி பொருளு. அதும்மேல சந்தேகம் வருமா?"

எனக்கும் வந்திருக்காது.

முப்பது நாள் முடியவில்லை. விதி எண்ணைக் குறிப்பிட்டு அன்றே புகார் அனுப்பினேன். கருவியைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். பிறகு மௌனம். நினைவூட்டல், மேல்முறையீடு, மேல்முறையீட்டுக்கு நினைவூட்டல் என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். உள்ளான்கள் வடக்கே திரும்பிப் போயின. ஆவணியில் சேவியரின் வலக்கண்ணும் இருண்டுபோயிற்று.

பிறகு ஒருநாள் குடிலில் இருந்தபடி அவரை அழைத்தேன். ஈயனின் ஸ்கோப் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. அவரும் எனக்காக அதைத் திருப்பிவிட்டு விலகி நின்றார். சேற்றில் நின்ற உள்ளானின் ஒவ்வோர் இறகும் தெரிந்தது. சென்னையில் சேவியர் தன் மகளோடு மனைவியின் கல்லறைக்குப் போயிருந்தார். மெழுகுவர்த்தி எரிகிறதா என்று மகளைக் கேட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"நேத்து பாலத்தாண்ட போனேன். வந்துடுச்சுங்க, சத்தம் கேட்டுது. எத்தினின்னுதான் தெர்ல. நீ இருந்தா சொல்லுவ."

இங்கே இறங்குபவை அடையாற்றுக்குப் போகிறவை அல்ல, வேறு வழித்தடம். இருந்தாலும் கண்ணைக் குழலிலிருந்தும் காதைக் கைபேசியிலிருந்தும் எடுக்காமல் நின்றேன். அழைப்பு முடிந்ததும் திரையில் நிறுவனத்தின் மின்னஞ்சல் இருந்தது. நான்காம் விதியின்படி புகார் ஏற்கப்பட்டது. புதிய கருவி சேவியர் வீட்டுக்கு அனுப்பப்படும். தேதி நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.